நெல்வயலில் இறங்கிய இயந்திரம்

(வட்டாரக் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



பால் மரத்தை நம்பிப் பிழைக்கும் நமக்கு நெல்வயல் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நாம் உண்ணும் சோற்றில் ஒரு பங்கு கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் பரந்து கிடக்கும் மூடா சமவெளியிலிருந்து வருகிறது. அங்கே கூலிக்காரருக்கு நேர்ந்ததை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்குள்ள மலாய்க் குடியானவர்கள் முன்பு மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம் விளைவித்தார்கள். குத்தகையும் கடனும் போக ஏழைக்கு எஞ்சியது வீட்டுச் சோற்றுக்கே காணாது. 1960-களில் உலக வங்கிக் கடனோடு மூடா, பெடு என்ற இரண்டு அணைகள் எழும்பின. 1970-ஆம் ஆண்டில் தண்ணீர் வந்தது. நான்கைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய சமவெளி முழுவதும் இரு போகம்! இதைக் குறை சொல்ல நான் வரவில்லை, நல்ல திட்டம். நிலமில்லாதவருக்கும் நடவு இரண்டு முறை, அறுப்பு இரண்டு முறை, கூலியும் இரண்டு முறை. பெண்கள் நட்டார்கள், அறுத்தார்கள், ஆண்கள் கதிரடித்தார்கள். அடித்த தாளில் ஒட்டியிருந்த நெல்லை ஏழைப் பெண்கள் மறுபடி தட்டியெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

இது பத்தாண்டு கூட நிலைக்கவில்லை. 1970-களின் நடுவில் அறுவடை இயந்திரம் வந்தது. அறுப்பதும் அதுவே, அடிப்பதும் அதுவே. 1980 வாக்கில் பெரும்பகுதி வயல்களை அதுதான் அறுத்தது. கூலி போயிற்று, தாளில் தட்டியெடுத்த நெல்லும் போயிற்று. நாற்று நடாமல் விதையைத் தூவும் முறை வந்து நடவுக் கூலியிலும் கை வைத்தது. குத்தகையோ, பல இடங்களில், அறுவடைக்குப் பின் கொடுப்பது மாறி முன்பணமாயிற்று. விளைச்சல் பொய்த்தால் நட்டம் யார் தலையில் விழும்? நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1978 முதல் 1980 வரை அங்கே ஒரு கிராமத்தில் தங்கி இதையெல்லாம் எழுதிவைத்தார். இயந்திரம் வைத்து அறுத்தவர் வயலில் நாற்று நட மாட்டோம் என்று அவ்வூர்ப் பெண்கள் சாடைமாடையாகத் தெரிவித்தார்களாம். வெளியூர் ஆட்களைக் கொண்டுவருவோம் என்று நிலக்காரர்கள் மிரட்டியதும் விட்டுக்கொடுத்தார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்குச் சங்கமும் இல்லை, எழுத்தில் ஒப்பந்தமும் இல்லை.

நமக்கு இரண்டும் இருக்கின்றன. ஆகவே, தோட்டத்தில் புதிய இயந்திரம் இறங்குமுன் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும், வேலையிழப்பவருக்கு மாற்று வேலை கொடுக்கவேண்டும் என்று அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கு நம் கிளையின் கோரிக்கையாக எழுதி வைத்திருக்கிறேன். தாள் மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டுவிட்டுப் போங்கள்.