உறுதியில்லா வீடு உறுதியான வீடாகுமா?

(அட்டனில் நடந்த வீடமைப்புக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பட்டணத்து நடைபாதையிலே படுத்திருப்பவனைக் கண்டால், வீடற்றவன் இவன் என்று யாவரும் அறிகின்றனர். மலையகத்திலே நமது நிலை வேறு. தலைக்கு மேலே தகரம் இருக்கிறது; நாற்புறமும் சுவர் இருக்கிறது. ஆயினும் அது நம் வீடல்ல! தோட்டத்துக்கு ஆள் வேண்டும், ஆளை அடைக்க இடம் வேண்டும் என்று கட்டப்பட்டதே லயன். வேலை நின்றால் இருப்பிடமும் கேள்விக்குரியதாகிறது. இதற்குப் பெயர் குடியிருப்பா, இரவலா?

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. முன்னே ஓர் இஸ்தோப்பு. அங்கேயே அடுப்பு, அங்கேயே தொட்டில், அங்கேயே கிழவருக்குப் பாய், மணமான மகனுக்கும் ஒரு மூலை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவராக்கியது. நாடற்றவன் காணி கேட்க வாயேது? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கிடையே நம் மக்களைப் பங்கிட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பெனிகளிடம் சென்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. இத்தனை மாறியும் லயன் மாறியதா? நிலம் அரசினுடையது, குத்தகை கம்பெனியினுடையது, உழைப்பு மட்டுமே நம்முடையது!

2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயன்களை மூடியது. அபாயம் உண்டென்ற எச்சரிக்கை முன்னரே இருந்ததே, ஏன் வெளியேறவில்லை என்று கேட்டனர் சிலர். எங்கே வெளியேறுவது? சொந்தமென்று சொல்ல ஒரு சாண் நிலமுமில்லாதவனிடம் கேட்கும் கேள்வியா அது?

அதன் பின்னரே, குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற கொள்கை வலுப்பெற்றது. ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு கட்டியது போக, ஒரு பாத்தி கீரைக்கும் இடமுண்டு. 2016இல் இந்திய உதவியுடன் 4,000 வீடுகளுக்கான பணி மலையகத்திலே தொடங்கிற்று. வீடொன்றுக்கு ஒன்பதரை இலட்சம் ரூபாய். 2017இல் நோர்வூட்டிலே மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன.

வீடு வருமென்று வாயிலைப் பார்த்து உட்கார்ந்திருக்கலாமா? வட கிழக்கிலே இந்திய உதவியில் எழுந்த 46,000 வீடுகளில் மிகப் பெரும்பாலானவை, வீட்டுக்காரரே முன்னின்று கட்டியவை. மலையகத்திலும் தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. தனியொருவர் மேட்டுக்கு மணல் ஏற்றினால் வண்டிக்கூலியே விழுங்கிவிடும். இருபது குடும்பம் சேர்ந்து மணலும் சீமெந்தும் வாங்கினால் செலவு குறையும். நம் பிள்ளைகளிலேயே மேசன்மார் இருக்கின்றனர். கொழும்பிலே பிறருக்கு மாடி கட்டும் கை, இங்கே தாய்க்கு ஒரு வீடு கட்டாதா? சங்கம் கணக்கை எல்லோர் முன்னும் வாசிக்கட்டும். அத்திவாரத்தின் ஆழத்தைப் பெண்கள் நின்று அளக்கட்டும்!

ஆனால் தோழர்களே, சுவரை நாம் எழுப்பலாம். காணி உறுதியை நாம் எழுத முடியாது. அதை அரசுதான் தரவேண்டும். உறுதியில்லா வீடு, ஓடு மாற்றிய லயனே! அதை வைத்து வங்கியில் கடன் பெறலாமா? கொழுந்து பறிக்க மறுக்கும் மகளுக்கு அதை அச்சமின்றி விட்டுச் செல்லலாமா?

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. வீட்டுச் சாவியோடு காணி உறுதியும் வரவேண்டும். அதிலே கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கவேண்டும். மண்சரிவு ஆய்வு முடிந்த நிலத்திலேயே வீடு அமையவேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித் தோட்டத்தை ஒதுக்கிவந்த பிரதேச சபைகள், 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னும் சாக்குச் சொல்லாமல் பாதையும் நீரும் தரவேண்டும்.

காட்டை வெட்டி மலையைப் பசுமையாக்கி 200 ஆண்டுகள் கடந்தன. நாம் கேட்பது தோட்டத்தையல்ல. தோட்டத்திலே 7 பேர்ச்சஸ்! டிவிசனுக்கொரு சங்கம் காணுங்கள். சங்கத்துக்கொரு மனு எழுதுங்கள். உறுதி கைக்கு வரும்வரை ஓயாதீர்கள்!