நா எழாத வேளை



மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள எங்கள் பாடசாலையில், அண்மையில் உயர்தர வகுப்பு மாணவரிடம் 'பேச நா எழாத வேளை' பற்றிக் கட்டுரை எழுதப் பணித்தேன். ஒருவன் பரிசு பெற்றபோது 'ஸ்பீச்லெஸ்' ஆனானாம். மற்றொருவன் பொய் சொல்லித் தந்தையாரிடம் அகப்பட்டபோதும் 'ஸ்பீச்லெஸ்'. அம்மம்மாவை இழந்த மாணவியும் அதே சொல்லை எழுதி, அடுத்த வரியில் கட்டுரையை முடித்துவிட்டாள்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். நம் வழக்கும் அத்தகையதே. மகிழ்ந்தவனுக்கு நாத் தழுதழுக்கும். அஞ்சியவனுக்கு நா உலரும். வியந்தவன் மலைத்து நிற்பான். துயருற்றவனுக்குத் தொண்டை அடைக்கும். பிடிபட்டவனோ சொல்லை மென்று விழுங்குவான். வாயை அடைத்தது எது என்பதை நம் சொல்லே காட்டிக் கொடுத்துவிடும்.

ஆங்கிலத்தின்மேல் எனக்குப் பகையில்லை. அம்மொழியிலும் இதற்குப் பல சொற்கள் உண்டு. நம் பிள்ளைகள் எடுப்பது ஒன்றைத்தான். காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகளார், ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' தந்தார். ஆங்கிலத்தை ஆழக் கற்றதனால் அவர் தமிழ் மெலிந்துவிடவில்லை.

பிள்ளைகளை மட்டும் குறை கூறவும் எனக்குத் தகுதியில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடந்த நாவலடியைக் கடல் வாரிச் சென்றது. 'கடற்கோள்' என்னும் பழஞ்சொல் நம்மிடம் இருந்தும், அன்று அதுவும் எவர் வாயிலும் வரவில்லை. அப்பொழுது நான் இளம் ஆசிரியன். அகதி முகாமாகிவிட்ட ஒரு பாடசாலையில், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயொருத்தி மூன்று நாளாகப் பேசாதிருந்தாள். ஆறுதல் கூறச் சென்ற என் வாயில் வந்தது 'சொரி' என்ற ஒரே சொல். தமிழ்ப் பட்டதாரி நான்! அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

பக்கத்திலிருந்த ஒரு கிழவி, எழுத்தறியாதவள், 'என்ட மகளே' என்று அவள் தலையைத் தன் மடியிற் சாய்த்து ஒப்பாரி தொடங்கினாள். சிறிது நேரத்தில் அத்தாயும் வாய்விட்டு அழுதாள். பின்பு பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அம்மம்மாவை இழந்த மாணவியிடம் கொப்பியைத் திருப்பிக் கொடுத்து, அந்த ஒரு சொல்லை மட்டும் விடுத்து மீண்டும் எழுதுமாறு கேட்டேன். மறுநாள் இரண்டு பக்கம் எழுதி வந்தாள்.