கணினிக்குள் ஒரு கரு

கணினி வந்துவிட்டால் உயிரியலுக்குச் சோதனைக்கூடமே வேண்டாம் என்று நினைப்பவர்கள், அமெரிக்க விஞ்ஞானி எரிக் டேவிட்சனின் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். மரபணுக்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தித்தான் கருவை உருவாக்குகின்றன என்ற கருத்தை, சக விஞ்ஞானி ராய் பிரிட்டனுடன் சேர்ந்து 1969-இல் அவர் வெளியிட்டார். அன்று அது பெரும்பாலும் ஊகம். சான்று தேட அவர் எடுத்துக்கொண்டது கடல் முள்ளெலி, அதாவது உடலெங்கும் முள்ளோடு கடலடியில் ஊரும் உருண்டைப் பிராணி. அதன் கருவில் ஒரு மரபணுவை முடக்கினால் வேறு எவை நிற்கின்றன, எவை கிளம்புகின்றன என்று கால்டெக் பல்கலைக்கழகத்தில் அவரது குழு குறித்துக்கொண்டே வந்தது. அந்த இணைப்பு வரைபடம் வெளியானது 2002-இல். அதன் ஒரு பெரும்பகுதியைக் கணினியில் ஓடவிட்டு முடிவை வெளியிட்டது 2012-இல்தான்.

கணினி நாம் போட்டதைத்தானே திருப்பித் தரும் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் இங்கே போட்டவை விதிகளும் தொடக்க நிலவரமும்தான். கருவின் முதல் 30 மணி நேரத்தில் எந்த மரபணு எங்கே, எப்போது இயங்கும் என்பதை அது கணக்கிட்டுச் சொன்னது. பெரும்பாலும் உண்மைக் கருவோடு ஒத்தும்போனது. ஒத்துப்போகாத சில இடங்களைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். வரைபடத்தில் எங்கே இணைப்பு விடுபட்டிருக்கலாம், அடுத்த சோதனையை எங்கே தொடங்கலாம் என்பதற்கு அவைதான் துப்பு.