கட்டிய ஆலைகளும் கறுத்த யமுனையும்

(தில்லிவாழ் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



நான் பொறியாளன் அல்லேன். கட்சி ஆவணங்களைத் தமிழாக்குபவன். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கவனிப்பதே என் தொழில். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் மூன்று சொற்கள் என்னை நிறுத்தின: நிறுவப்பட்ட திறன், இயங்கும் திறன், பயன்படும் திறன்.

நமது நாட்டு நகரங்கள் நாள்தோறும் 7,236 கோடி லிட்டர் கழிவுநீரை வெளியேற்றுகின்றன. நிறுவப்பட்ட ஆலைகளின் திறன் 3,184 கோடி லிட்டர். அதில் இயங்கும் திறன் 2,686 கோடி. உண்மையில் சுத்திகரிக்கப்படுவதோ 2,023 கோடி லிட்டர்தான். அதாவது நூற்றில் 28 பங்கு. ஆட்சியாளர்கள் மேடைகளில் முதல் கணக்கைச் சொல்கிறார்கள். ஆறு அனுபவிப்பது மூன்றாவது கணக்கை.

நாம் கூடியிருக்கும் இந்தத் தில்லியையே பாருங்கள். வசீராபாத் முதல் ஓக்லா வரை யமுனை 22 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆற்றின் மொத்த நீளத்தில் இது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் அதன் மாசுச் சுமையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இங்குதான் சேர்கிறது. வசீராபாத் தடுப்பணையில் குடிநீருக்காக ஆற்றுநீர் எடுக்கப்பட்டுவிடுகிறது. அதற்குச் சற்றுக் கீழே நஜஃப்கர் வாய்க்கால் வந்து கலக்கிறது. அவ்வாய்க்காலும் ஒரு காலத்தில் சாகிபி என்னும் ஆறாக இருந்ததே! கோடையில் யமுனையின் பெயரால் ஓடுவது பெரும்பாலும் நகரத்தின் சாக்கடைதான்.

சுத்திகரிப்பில் மந்திரம் ஏதுமில்லை. கழிவிலுள்ள கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் உண்டு செரிக்கின்றன. அவை வாழ்வதற்கு இடையறாது காற்றைச் செலுத்த வேண்டும். மின்சாரமும் பயிற்சி பெற்ற தொழிலாளரும் இல்லையெனில் ஆலை வெறும் கட்டடமே. ஆலையில் நடக்கவேண்டிய இச்செரிமானம் ஆற்றில் நடக்கும்போது, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, மீன்கள் மடிகின்றன.

ஆலை இயங்கினாலும் அதுவரை கழிவுநீரைக் கொண்டுசெல்லப் புதைகுழாய் வேண்டும். அங்கீகாரமற்ற குடியிருப்பு என்று முத்திரை குத்திப் பல்லாண்டுகள் குழாய் மறுத்துவிட்டு, ஆற்றைக் கெடுப்பவர்கள் ஏழைகள் என்று பழிசுமத்துவது என்ன நியாயம்?

கங்கைச் செயல்திட்டம் 1986இல் தொடங்கப்பட்டது. 2014இல் 20,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் நமாமி கங்கே வந்தது. அதில் தனியாரை ஈர்க்க ஒரு முறை வகுத்தார்கள்: கட்டுமானச் செலவில் 40 விழுக்காட்டைக் கட்டும்போதே அரசு தருகிறது, எஞ்சிய 60 விழுக்காட்டை 15 ஆண்டுகளில் வட்டியுடன் தருகிறது. ஒப்பந்தப்படி ஆலை ஓடினால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். போதாது. ஆலையின் வாயிலுக்கு வந்துசேரும் நீருக்கே நிறுவனம் பொறுப்பு. வந்துசேராத நீருக்கு யார் பொறுப்பு? நகராட்சி. ஆனால் அதன் கையில் நிதியுமில்லை, ஆளுமில்லை.

அந்த ஆளில்லாக் குறையை ஒப்பந்தத் தொழிலாளியின் உயிரைக் கொண்டு ஈடுகட்டுகிறார்கள். மனிதரைப் பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தோர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2023இல் ஆணையிட்டது. அதன் பின்னரும் சாவுகள் ஓயவில்லை. இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். நதித் தூய்மை பற்றிய எந்தப் பேச்சும் இந்த உண்மையிலிருந்து தொடங்காவிட்டால் அது வெறும் ஆரத்தியாகவே முடியும்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. எல்லாக் குடியிருப்புகளுக்கும் புதைகுழாய் இணைப்பு வேண்டும். ஆலைகளை இயக்க நகராட்சிகளுக்கு ஆண்டுதோறும் நிதியும், நிரந்தரத் தொழிலாளரும், இயந்திரங்களும் வேண்டும். ஒவ்வோர் ஆலையிலும் நாள்தோறும் எவ்வளவு நீர் வந்தது, எந்தத் தரத்தில் வெளியேறியது என்பதை மக்கள் மொழியில் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் பகுதியில் ஓர் ஆலை திறக்கப்பட்டால் கைதட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “எங்கள் தெருவின் குழாய் இதில் சேர்ந்திருக்கிறதா?” நமது போராட்டம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.