பல் நோவு என்று வரும் தாடை நோய்



கோவில்பட்டி வட்டாரத்தில் பல்லுக்காக யாரும் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. கிராம்பை வைத்துக் கடிப்பார்கள், மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவார்கள். தீப்பெட்டி ஆபீஸுக்கு ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லையே! முடியாமற்போனால் வந்து, "பிடுங்கிவிடுங்கள்" என்பார்கள். பெரும்பாலும் அது போதும்தான். போதாத ஒரு நோயைப் பற்றி இன்று பேசுகிறோம்.

2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் கருப்பு பூஞ்சை என்ற பெயர் ஊரெங்கும் அடிபட்டது. அவ்வாண்டு ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கில் நோயாளிகள் 45,000-க்கு மேல். இறந்தவர்கள் 4,300-க்கு மேல். அலை ஓய்ந்தது, நோய் அற்றுப்போகவில்லை. நம் கரிசலின் கருப்புக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அதன் வித்துகள் எந்த மண்ணிலும் காற்றிலும் உண்டு. கருப்பு என்பது செத்த சதையின் நிறம். ஆளுக்கு ஆள் ஒட்டுவதுமில்லை. கட்டுக்கடங்காத சர்க்கரை நோயோ ஸ்டீராய்டு மருந்தோ உடம்பின் எதிர்ப்பைக் குறைக்கும்போது, அது மூக்கு வழியே கன்னத்துச் சைனஸில் இறங்கி இரத்தக் குழாய்களை அடைக்கிறது. இரத்தம் போகாத மேல்தாடை எலும்பு செத்துப்போகிறது.

அந்த எலும்பில்தானே பல் நிற்கிறது? சொத்தை இல்லாத பற்கள் இரண்டு மூன்று ஒரே பக்கத்தில் சேர்ந்து ஆடும். ஈறில் சீழ் வரும், கன்னம் மரத்துப்போகும், ஒரு பக்க மூக்கு அடைக்கும். பிடுங்கினால் குழி ஆறாது. பிறகு அடுத்த பல், அடுத்த ஆன்டிபயாடிக் என்று வாரங்கள் போகும். பூஞ்சையை ஆன்டிபயாடிக் தொடாது. அதுவோ கண்ணுக்கும் மூளைக்கும் ஏறக்கூடியது.

ஆகவே இப்படி வருகிறவருக்குப் பல்லைத் தொடுமுன் சர்க்கரை பார்ப்பது அவசியம். சந்தேகம் இருந்தால் தாமதிக்காமல் மதுரைக்கோ பாளையங்கோட்டைக்கோ அனுப்ப வேண்டும். அங்கே ஸ்கேன் எடுத்து, திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்வார்கள். செத்த எலும்பை அகற்றி, ஆம்போடெரிசின் மருந்தைப் பல நாள் நரம்பு வழியே ஏற்றுவார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து. அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும்.

மேல்தாடை போனவருக்குக் குடிக்கிற தண்ணீர் மூக்கால் வரும், பேச்சு விளங்காது. அந்த ஓட்டையை மூட ஒரு பிளேட் செய்து பொருத்துவார்கள். புண் ஆற ஆற அளவு மாறுவதால் அதைத் திரும்பச் செய்ய வேண்டும். சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும், கூடப் போகிறவரின் கூலியும் பஸ் கட்டணமும் இலவசமல்ல. தாங்கள் அன்போடு அனுப்பும் காணிக்கை அங்கே உதவும்.