பாதையற்ற மலைகளில் ஒரு வலம்



மலையேற்றம் என்றவுடன் உங்கள் நினைவுக்கு முதலில் வருவது எவரெஸ்ட் சிகரமாகவே இருக்கும். பனி மூடிய உச்சி, அதன்மேல் நாட்டிய கொடி, அருகே வெற்றிப் புன்னகையுடன் ஒரு வீரர். இத்தகைய படங்களைப் பாடநூல்களில் கண்டிருப்பீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட மலைகள் அத்தகைய புகழ் வாய்ந்தவை அல்ல. அவற்றுள் பலவற்றிற்குப் பெயரே இல்லை. நிலப்படத்தில் உயரத்தைக் குறிக்கும் ஓர் எண் மட்டும் இருக்கும். மரம் அரிது; தண்ணீர் அதனினும் அரிது; ஏறிச் செல்லப் பாதையும் இல்லை. அமெரிக்க நாட்டின் தென்மேற்கே, கலிபோர்னியா மாநிலத்தில் விரிந்து கிடக்கும் மொஹாவி பாலைவனத்தின் மலைகளே அவை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் பிறருக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு பாடத்தை, அம்மலைகளிலேதான் நான் உண்மையாகக் கற்றுக்கொண்டேன்.

பாலை என்ற சொல் தமிழருக்குப் புதிதன்று. ஆனால் நம் பழம் புலவர்கள் பாடிய பாலை, முல்லையும் குறிஞ்சியும் கோடை வெயிலால் வளம் குன்றித் திரிந்த நிலமாகும். மழை பெய்தால் அது மீண்டும் பசுமை பெறும். மொஹாவியோ என்றும் பாலை. பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைச் சியரா நெவாடா முதலிய உயர்ந்த மலைத்தொடர்கள் மேற்கிலேயே மறித்துக்கொள்கின்றன. மேலேறும் காற்று குளிர்ந்து அங்கேயே மழையைச் சொரிந்துவிடுகின்றது. மறுபுறம் இறங்கும் காற்றில் ஈரம் மிஞ்சுவதில்லை. இதனையே மழைமறைவு நிலம் என்று நீங்கள் படித்திருக்கின்றீர்கள்.

இந்நிலத்தில் மலைகள் எங்ஙனம் தோன்றின? இங்கே புவியின் மேலோடு பல பத்து இலட்சம் ஆண்டுகளாக இழுபட்டு விரிந்து பிளந்தது. சில துண்டுகள் தாழ்ந்தன. சில துண்டுகள் உயர்ந்தன. தாழ்ந்தவை பள்ளத்தாக்குகள், உயர்ந்தவை மலைத்தொடர்கள். இதன் மிகப் பெரிய காட்சி, மரணப் பள்ளத்தாக்கு என்று பெயர் பெற்ற இடத்தில் உள்ளது. அதன் அடித்தளம் கடல் மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே கிடக்கின்றது. அதன் மேற்கே எழும் டெலஸ்கோப் சிகரமோ 3,368 மீட்டர் உயரம் உடையது. 1913-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் அப்பள்ளத்தாக்கில் பதிவான 56.7 பாகை செல்சியஸ் வெப்பமே, உலகில் இதுவரை அளக்கப்பட்ட வெப்பங்களுள் மிக உயர்ந்ததென உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டுள்ளது.

இத்தகைய இடத்தில் மலையேறுவாரும் உண்டோ என்று கேட்பீர்கள். உண்டு. 1892-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சியரா கழகம், 1941-ஆம் ஆண்டில் பாலைமலை ஏறுவோருக்கென்றே தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. ஏற்றத்தின் கடுமையை அக்கழகத்தார் ஐந்து வகுப்புகளாகப் பிரித்துள்ளனர். முதல் வகுப்பு வெறும் நடை. இரண்டாவது, கரடுமுரடான நடை. கை சிற்சில இடங்களில் மட்டும் துணை செய்யும். மூன்றாவது வகுப்பில் கையும் காலும் ஊன்றிப் பாறையைத் தொற்றி ஏற வேண்டும். நான்காவதில் தவறி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. கயிற்றின் துணை வேண்டும். ஐந்தாவது, பாறையேற்றத்தில் தேர்ச்சி பெற்றவர்களுக்கே உரியது. நான் சென்றது மூன்றாம் வகுப்பைத் தாண்டாத மலைகள்.

பணி ஓய்வுக்குப் பிறகு, என் மகன் பணியாற்றும் கலிபோர்னியாவுக்குச் சென்றிருந்தேன். அப்போது எனக்கு வயது அறுபத்து மூன்று. ஒரு டிசம்பர் மாதக் காலையில் என் மகனும், அவனுடைய நண்பர் ஒருவரும், நானுமாக மூவர் புறப்பட்டோம். நண்பர் பாலைமலைகளில் பல ஆண்டுகள் நடந்து பழகியவர். எனினும் அன்று நாங்கள் ஏறிய மலைகள் அவருக்கும் புதியவையே. மூன்று முடிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, வேறு பக்கமாக இறங்கி, புறப்பட்ட இடத்திற்கே மாலைக்குள் வந்து சேர வேண்டும் என்பது திட்டம். கோயிலை வலம் வருவது போல மலையை வலம் வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டோம். வழியில் ஒரு துளியும் கிடைக்காது. நான்கு லிட்டர் என்றால் நான்கு கிலோகிராம் சுமை. நண்பர் புறப்படும்போதே ஒரு விதியைக் கூறினார்: “தண்ணீரில் பாதி தீரும்போது பயணத்திலும் பாதி முடிந்திருக்க வேண்டும். இல்லையேல் திரும்பிவிட வேண்டும்.”

மலையின் அடிவாரம் அருகில் இருப்பது போலத் தோன்றியது. நடக்க நடக்க அது விலகிச் சென்றது. பாலைவனத்தின் தெளிந்த, வறண்ட காற்றில் தொலைவு கண்ணை ஏமாற்றிவிடும். வெள்ளம் எப்போதோ அடித்து வந்து விசிறி போலப் பரப்பிய கல்லும் மணலுமான சரிவில் ஒரு மணி நேரம் நடந்தோம். வளைந்த முட்களையுடைய வேல இனத்துச் செடி ஒன்று, நம் ஊர் இண்டங்கொடியைப் போலச் சட்டையைப் பற்றி இழுத்தது. அப்படியே நின்று, பின்னுக்கு நகர்ந்து, முள்ளை விடுவித்துக்கொள்ள வேண்டும். முன்னே இழுத்தால் சட்டையும் கிழியும், தோலும் கிழியும்.

நண்பர் பாறையிலும் ஓடை மணலிலுமே கால் வைத்து நடந்தார். காரணம் கேட்டேன். கருமையாகப் பொரிந்து கிடந்த மண்ணைச் சுட்டிக் காட்டினார். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் மணல் துகள்களைப் பின்னிப் பிணைத்து உருவாக்கிய மேற்பொருக்கு அது. மண்ணைக் காற்று அள்ளிச் செல்லாமல் காப்பது அதுவே. ஒரு முறை மிதித்தால் அது மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். பாதையில்லாத இடத்தில் நடப்பவன் புதிய பாதையை உண்டாக்கிவிடாமல் நடக்க வேண்டும் என்பது அன்று நான் கற்ற சிறு பாடம்.

முதல் முடியைப் பத்து மணிக்கு அடைந்தோம். உச்சியில் கற்குவியலின் நடுவே ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதனுள் ஒரு குறிப்பேடு. ஏறி வந்தவர்கள் தம் பெயரையும் நாளையும் எழுதி வைப்பது அங்குள்ள வழக்கம். எங்களுக்கு முன் வந்தவர் எழுதியிருந்தது ஓராண்டுக்கு முந்தைய தேதி. என் பெயரைத் தமிழில் எழுதிவிட்டு வந்தேன். இரண்டாம் முடியை நண்பகல் கடந்து சிறிது நேரத்தில் அடைந்தோம். அங்கேதான் என் பிழை தொடங்கியது.

அதுவரை நண்பர் முன்னே சென்றார். “இனி நான் வழி காட்டுகின்றேன்” என்றேன். புவியியல் ஆசிரியன் அல்லவா? சமஉயரக் கோடுகளை எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்தவன் அல்லவா? உச்சியில் நின்று பார்த்தேன். மூன்றாம் முடியை நோக்கி இறங்கும் பாறைமுகடு கண்ணெதிரே தெளிவாகத் தெரிவதாகத் தோன்றிற்று. நிலப்படம் என் பையில் இருந்தது, திசைகாட்டியும் இருந்தது. படத்தை விரித்து, திசைகாட்டியை அதன்மேல் வைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். நான் செய்யவில்லை. மறதியினால் அன்று, ஆணவத்தினால்தான் செய்யவில்லை.

இங்கே ஓர் உண்மையை நீங்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். விரித்த குடை ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதன் கம்பிகள் ஓரத்தில் ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. மேலே செல்லச் செல்ல நெருங்கி, உச்சியில் ஒன்றாகிவிடுகின்றன. மலையும் அப்படித்தான். ஏறுகின்றவன் எந்த முகட்டைப் பிடித்தாலும், மேல்நோக்கியே சென்றால் பெரும்பாலும் உச்சிக்கே வந்து சேர்வான். அவன் செய்யும் பிழைகளை மலையே திருத்திவிடும். இறங்குகின்றவன் நிலை இதற்கு நேர்மாறானது. உச்சியில் முகடுகள் யாவும் ஒன்று போலவே தோன்றும். அங்கே பத்துப் பாகை பிசகினால், இரண்டு கிலோமீட்டர் சென்றபின் சேர வேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் விலகி நிற்பான். இடையில் ஒரு பள்ளம் இருந்தால் அவன் சேர்வது வேறொரு பள்ளத்தாக்காக இருக்கும். இறங்கும்போது செய்யும் பிழையை மலை திருத்துவதில்லை, பெருக்குகின்றது.

நாற்பது நிமிடம் இறங்கினோம். முகடு மெல்ல மெல்ல ஓர் இடுக்கான ஓடையாக மாறியது. திடீரென்று தரை முடிந்தது. எதிரே வழவழப்பான பாறை செங்குத்தாக இறங்கியது. மழைக்காலத்தில் மட்டும் அருவியாக ஓடி, மற்ற நாட்களில் வெறும் பாறையாக நிற்கும் வறண்ட அருவி அது. மூன்று ஆள் உயரம் இருக்கும். கீழே மணல் தெரிந்தது. அதற்கு அப்பால் ஓடை ஒரு வளைவில் திரும்பி மறைந்தது.

“சறுக்கி இறங்கிவிடலாம், அப்பா. இந்த ஓடை வண்டி நிற்கும் இடத்திற்குத்தான் போகும்” என்றான் மகன். எனக்கும் அதுவே ஆசை. கால்கள் வலித்தன. தண்ணீர் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. வந்த வழியே திரும்பினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மேலேற வேண்டும். மூன்றாம் முடியையும் விட்டுவிட வேண்டும்.

நண்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இறங்கிவிடலாம். அந்த வளைவுக்கு அப்பால் இன்னோர் அருவி இருந்தால், இதன்மேல் திரும்ப ஏற நம்மால் முடியுமா?”

முடியாது. பிடிக்க இடமில்லாத பாறை அது. மேலே ஏறவும் இயலாது, கீழே இறங்கவும் இயலாது. இரண்டு பாறைகளுக்கு நடுவே, தண்ணீர் இல்லாமல் நிற்க நேரும். நிலப்படத்தை அப்போதுதான் விரித்தேன். நாங்கள் வந்திருக்க வேண்டிய முகடு வடகிழக்கே விலகிக் கிடந்தது. நாங்கள் நின்ற ஓடையில் சமஉயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நெருங்கியிருந்தன. நெருங்கிய கோடு செங்குத்தான சரிவு என்று எத்தனை மாணவருக்குச் சொல்லியிருப்பேன்!

திரும்பினோம். மூச்சு வாங்க மேலேறி, மூன்றாம் முடியைத் தொலைவிலிருந்தே பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கினோம். கதிரவன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து, கைவிளக்கொளியில் வண்டியை அடைந்தோம். என்னிடம் எஞ்சியிருந்தது ஒரு குவளைத் தண்ணீர். மறுநாள் காலையில் சாலையிலிருந்து தொலைநோக்கி வழியாக அந்த ஓடையைப் பார்த்தோம். வளைவுக்கு அப்பால் இரண்டாவது அருவி இருந்தது. அது முதலாவதைப் போல மும்மடங்கு உயரம். நாங்கள் மூவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்பாலைவனத்தின் வரலாற்றிலும் இதற்கொப்ப ஒரு நிகழ்ச்சி உண்டு. 1849-ஆம் ஆண்டின் இறுதியில், கலிபோர்னியாவில் கிடைத்த தங்கத்தை நாடிச் சென்ற ஒரு கூட்டத்தார், குறுக்கு வழி என்று எண்ணி மரணப் பள்ளத்தாக்கில் வந்து சிக்கிக்கொண்டனர். கூட்டத்தில் பெண்களும் சிறு குழந்தைகளும் இருந்தனர். வில்லியம் மான்லி, ஜான் ரோஜர்ஸ் என்னும் இருவர் உதவி தேடிக் கால்நடையாகப் புறப்பட்டனர். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்து, உணவு பெற்று, இருபத்தாறாம் நாள் திரும்பி வந்தனர். வரும் வழியில் ஒரு மலை இடுக்கில் வறண்ட அருவி குறுக்கிட்டது. குதிரைகளால் ஏற முடியவில்லை. அவற்றை அங்கேயே விட்டுவிட நேர்ந்தது. ஒற்றைக் கண்ணுடைய சிறு கோவேறு கழுதை ஒன்று மட்டும் குறுகிய பாறை விளிம்பில் அடிமேல் அடி வைத்து ஏறிவிட்டது. பின்னர்க் குடும்பங்களை அழைத்துச் சென்றபோது, அவ்வருவியின் அடியில் மணலைக் குவித்து, எருதுகளை மேலிருந்து அதன்மேல் தள்ளி இறக்கினார்கள். துணிந்த செயல்தான். ஆனால் குருட்டுத் துணிவன்று. அந்த இடத்தைக் கீழிருந்து மேலாக ஏறிக் கண்டவர்கள் அவர்கள். கீழே என்ன இருக்கின்றது, அதற்கு அப்பால் வழி எங்கே போகின்றது என்பதை அறிந்த பின்னரே இறங்கினார்கள். துணிவுக்கும் துடுக்குக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மாணவ நண்பர்களே! மலையேறச் செல்ல வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. செல்லுங்கள். தக்க துணையோடு செல்லுங்கள். எங்கே போகின்றீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். உச்சியில் நிற்கும் மகிழ்ச்சியில், இறங்கும் வழியை ஆராய அரை நிமிடம் ஒதுக்குங்கள். திரும்ப ஏற முடியாத இடத்தில், கீழே இருப்பதை அறியாமல் இறங்காதீர்கள். பிழை செய்துவிட்டோம் என்று தெரிந்தால், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும், பிழை தொடங்கிய இடத்திற்கே திரும்பிச் செல்லுங்கள். அதில் இழிவு ஏதுமில்லை.

அந்த மூன்றாம் முடியை நான் இன்னும் ஏறவில்லை. அதன் உச்சியிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கக்கூடும். இருந்தால் அதில் என் பெயர் இல்லை. அதனால்தான் இன்று உங்கள் முன் இதைச் சொல்ல முடிகின்றது.