கழுத்துல கிடந்தா மட்டும் நம்ம நகை ஆயிடுமா?



நகையும் சேமிப்பும் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம்ம ஊர் நகையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கிரேக்க நாட்டுக் கிராமத்துப் பெண்கள் அந்தக் காலத்தில் போட்ட நகையைப் பற்றி, புத்தகத்தில் படித்ததைச் சொல்றேன்.

கிரேக்கம் ஐரோப்பாவின் தெற்கே இருக்கிற நாடு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே கிராமத்துக் கல்யாணப் பெண்ணுக்குப் போட்டது பெரும்பாலும் வெள்ளிதான். சிலதுக்குத் தங்க முலாம் பூசுவார்கள். இடுப்பில் நம்ம ஒட்டியாணம் மாதிரி ஒரு கச்சை. அதன் முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளிக் கொக்கி. இயோவானினா என்ற ஊர் வெள்ளி வேலைக்குப் பேர் போனது. மெல்லிய கம்பியை முறுக்கி, பூவும் கொடியுமா வளைத்துப் பற்றவைப்பார்கள். கண் படாமல் இருக்க நீல மணி கட்டுவார்கள். நாம திருஷ்டி கழிக்கிறோமே, அதே பயம்தான்!

எல்லாத்தையும் விட முக்கியம் காசு. இப்ப நம்ம காசுமாலையில் இருப்பது நகைக்கென்று அடிச்ச காசு. அவர்கள் கோத்தது சந்தையில் செல்லுகிற நிஜக் காசு. துருக்கிக் காசு, ஆஸ்திரியாவின் மரியா தெரசா ராணி உருவம் போட்ட பெரிய வெள்ளிக் காசு, இப்படி. அதில் வளையம் வைத்து, வரிசை வரிசையா மார்பில் தொங்க விடுவார்கள். ஏதென்ஸ் நகரைச் சுற்றியுள்ள ஆட்டிக்கா கிராமங்களிலும், தெஸ்ஸாலி சமவெளியிலும் இது வழக்கம். பெண் நடந்தால் காசு குலுங்கும். சீர் எவ்வளவு என்று ஊரே கண்ணால் எண்ணிவிடும்.

1821-ல் அங்கே துருக்கி ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் தொடங்கியது. மாண்டோ மவ்ரோயெனுஸ் என்ற பெண் தன் நகைகளை விற்றுப் படைக்குக் கொடுத்தார். தன் நகை, தன் முடிவு. ஆனால் எல்லாப் பெண்ணுக்கும் அப்படி வாய்க்கவில்லை. பெண் கொண்டு வந்த சீதனச் சொத்தை நிர்வாகம் பண்ணும் உரிமை சட்டப்படி புருஷனுக்குத்தான் இருந்தது. 1983-ல்தான் அந்தச் சீதன முறையையே சட்டத்திலிருந்து எடுத்தார்கள்.

நம்ம நாட்டில் வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. தாய் வீட்டில் போட்ட நகை பெண்ணுக்கே சொந்தம் என்றும் சட்டம் சொல்லுது. ஆனால் வீட்டுக்குள்ள என்ன நடக்குது? எனக்குப் போட்ட ஏழு பவுனும் இரண்டே வருஷத்தில் அடகுக்குப் போனது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டும் என் பேரில் இல்லை. குழுவில் கடன் வாங்கி மூன்று பவுனை மீட்டேன். அதைப் போன வருஷம் மகள் படிப்புக்கு நானே அடகு வைத்தேன், என் பேரில். இந்தத் தடவை மனசு கனக்கவில்லை.

1911-ல் கலிரோயி பாரென் என்ற அம்மா ஏதென்ஸில் ஒரு பெண்கள் சங்கம் தொடங்கினார். பழைய உடையையும் நகையையும் அந்தச் சங்கம் சேர்த்துப் பாதுகாத்து வருது. நகையைக் காப்பாற்ற நாமும் ஒன்று செய்யலாம். என்ன நகை, எத்தனை கிராம், எங்கே இருக்கு, சீட்டு யார் பேரில் என்று ஒவ்வொருவரும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத அக்காமார்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுங்கள்.